பதினோராவது சோதனை

மே பதினேழாம் தேதி தேசிய நாள் கொடி ஊர்வலத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் ஸ்வெர்ரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன, தேதி மறந்துபோச்சா?" என்றாள் குன்வோர்.

"மகளோட கண்காட்சிக்குப் போறேன். மீன் நாத்தத்தோட வந்தா உன் காலேஜ்ல உள்ள விடுவாங்களா?"

அவர் கேலி பேசி எத்தனை மாதமாயிற்று என்று அவள் மனம் தானாக எண்ணிப் பார்த்தது. சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்றது. இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத் துளை. மார்ச் மாதம் அவள்தான் குத்திக் கொடுத்தாள். இடது மணிக்கட்டில், கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில், ஆரஞ்சு நிறக் கைப்பட்டை.

போன வருடம் பிப்ரவரியில், இடுப்பு வலி என்று படுத்திருந்த ஸ்வெர்ரே, "நீ மட்டும் போய் வலையை எடுத்துட்டு வந்துடுடா" என்று மகனைக் கடலுக்கு அனுப்பினார். எஸ்கிலுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. 'ஹாவ்டெர்னா' படகு எஞ்சின் ஓடியபடியே, ஆளில்லாமல், தீவுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதை மதியம் ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் பார்த்துச் சொன்னார்கள். எஸ்கில் ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தான்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் ஸ்வெர்ரே படகுத்துறைப் பக்கமே திரும்பவில்லை. அண்ணனை இழந்த டிரில், அம்மா பாடம் நடத்தும் கல்லூரியிலேயே பொறியியல் முதலாண்டில் சேர்ந்தாள். தோழி இல்வாவோடு சேர்ந்து அந்தக் கைப்பட்டையைச் செய்ய ஆரம்பித்தாள். கட்டியிருப்பவர் கடலில் விழுந்தால் படகில் சைரன் அலறும். எஞ்சின் தானாக நிற்கும். படகு ஆளை விட்டுவிட்டுப் போகாது.

இந்த ஜனவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் படகுக்குப் போனார்கள். வலை பழுது பார்க்கிறோம் என்றார்கள். வீட்டுக்குள் மறுபடி காற்று வர ஆரம்பித்ததே போதும் என்று குன்வோர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எவ்வளவு மார்க் வரும்?" என்றார் ஸ்வெர்ரே, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"மார்க் இல்ல, படி. மொத்தம் ஒன்பது. அவளுக்கு நான் போடக் கூடாது. என்கூட வேலை செய்யற ஹால்வார்ட் போடுவாரு."

"அப்ப ஒன்பது."

"ஒன்பதுன்னா கடையில வாங்கிக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு அர்த்தம். முதல் வருஷத்துப் பிள்ளைங்க மூணுல நின்னாலே பெரிசு."

"நான் நம்பறேனே," என்று சொல்லி அவர் ரொட்டியைக் கடித்தார். பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "நீ முன்னாடி போ. நான் பன்னெண்டு மணி பஸ்ல வர்றேன்."

*

கல்லூரிக் கூடத்தில் முப்பத்தொரு மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுப்பலகை, ஒயர், சூடான பசை, தூக்கம் கெட்ட முகங்கள். மூலையில் இரண்டாமாண்டுக்காரர்கள் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் குன்வோர் ஒன்பது வருடங்களுக்கு முன் தன் கைப்பட எழுதிய பட்டியல். முதல் படி: யோசனை மட்டும். இரண்டு: காகிதத்தில் கணக்கு ஒத்துவருகிறது. மூன்று: மேசைமேல் வேலை செய்கிறது. ஆறாம் படி: பயன்படுத்த வேண்டிய அதே இடத்தில், பலமுறை சோதித்து நிரூபித்தாயிற்று. முதலாண்டு மாணவர் எவரும் இதுவரை ஆறைத் தொட்டதில்லை. ஐந்தைத் தொட்டவர்கள் இரண்டே குழு.

மலையில் காணாமல் போகும் ஆடுகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று முதல் மேசையில் இருந்தது. மூன்று பையன்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

"படி அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்க சோதிச்சீங்க?"

"வெளியில."

"வெளியிலன்னா?"

"விடுதி முற்றத்துல."

"ஆடு இருந்துச்சா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆடு கிடைக்கல. மாத்தியாஸ் கழுத்துல கட்டி விட்டோம்."

"மாத்தியாஸ் மலையேறுவானா?"

"மாட்டான். ஆனா பார்ட்டிக்குப் போனா ஆட்டைவிட மோசமா தொலைஞ்சுபோவான்," என்றான் ஒருவன். மாத்தியாஸ் என்பவன் காது சிவந்தான்.

குன்வோர் சிரித்துவிட்டாள். பிறகு தாளில் மூன்று என்று எழுதினாள். "முகத்தைத் தொங்கப் போடாதீங்க. மூணு நல்ல இடம். அதுக்கு மேல தெரியாதுன்னு எழுதறதுல அவமானமே இல்ல. தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு எழுதறதுதான் தப்பு."

இந்த வாக்கியத்தை ஒவ்வொரு வருடமும் சொல்வாள். வாய் பழகிய வாக்கியம்.

பத்தொன்பதாம் மேசையைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் போனாள். விதி அவள் போட்டதுதான்: நெருங்கிய உறவினரின் வேலையை ஆசிரியர் மதிப்பிடக் கூடாது, அருகில் நிற்கவும் கூடாது. ஓரக்கண்ணில் டிரிலின் நீலச் சட்டை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இல்வா, எப்போதும்போல நோட்டும் கையுமாக.

பதினொன்றரைக்கு ஹால்வார்ட் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வருட ஆசிரியர், ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கி. கண் கலங்கியிருந்தது.

"நான் உன்கிட்டக் காட்டக் கூடாதுன்னு தெரியும். ஆனாலும் நீ பாக்கணும். ஆறு போட்டிருக்கேன்."

"விளையாடாதே ஹால்வார்ட்."

"விளையாட்டில்ல. கடல்ல பதினாலு சோதனை. பதினொண்ணு வெற்றி. உன் பொண்ணு சும்மா கதை விடல, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வெச்சிருக்கா."

"பாவம் பார்த்துப் போட்டியா? எஸ்கிலுக்காக?"

ஹால்வார்ட் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "நீயே படிச்சுப் பாரு."

சோதனைப் பதிவு இல்வாவின் கையெழுத்தில் மணி மணியாக இருந்தது. தேதி. கடல்நீரின் வெப்பம், நான்கு டிகிரி. விழுந்தது முதல் சைரன் ஒலிக்கும்வரை, நான்கு நொடி, மூன்று நொடி. தூக்கியெடுக்க ஆன நேரம், மூன்று நிமிடம். 'மாதிரி ஆள்' என்று ஒரு கட்டம். அதன் கீழே எடை.

எண்பத்தாறு. எண்பத்தாறு. எண்பத்தைந்து. எண்பத்துமூன்று.

குன்வோரின் விரல் அந்தக் கட்டத்திலேயே கீழே இறங்கியது. எண்பத்திரண்டு. எண்பது. பதினான்காவது வரியில் எழுபத்தெட்டு.

"மாதிரி ஆள்னா எது?"

"மீட்புப் பயிற்சிக்கு வெப்பாங்களே, அந்தப் பொம்மைதான். மாணவர் கிடங்குல இருக்கே."

"பொம்மை இளைக்குமா?"

ஹால்வார்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தண்ணி குடிச்சிருக்கும். அப்புறம் காய்ஞ்சிருக்கும்."

"காய்ஞ்சா ஒரே வாரத்துல குறையும். மூணு மாசம் ஒரே சீராக் குறையாது."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். குன்வோருக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த எண்களை அவளுக்குத் தெரியும். அரையளவு மிச்சம் வைத்த தட்டுகளாக, வாரில் குத்திய துளையாக, கட்டிலில் புரளும்போது கையில் தட்டுப்படும் விலா எலும்பாக, மூன்று மாதமாக அவள் பார்த்துவந்த எண்கள். அது அவள் புருஷனின் உடம்பு.

பதினோராவது வரியில் கண் நின்றது. சைரன்: ஒலிக்கவில்லை. தூக்கியெடுக்க ஆன நேரம்: பதினான்கு நிமிடம். காரணம்: தெரியவில்லை.

இந்தக் கடைசி இரண்டு சொல் மட்டும் இல்வாவின் கையெழுத்து அல்ல. டிரிலுடையது.

*

செயற்கை அலை எழுப்பிச் சோதிக்கும் அலைத்தொட்டி அறையில் அன்றைக்கு யாரும் இல்லை. முப்பது மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வரச் சொல்லியிருந்த டிரில் உள்ளே வந்ததும் குன்வோர் கதவைச் சாத்தினாள்.

"நீ என்கிட்டப் பேசக் கூடாதும்மா, இன்னிக்கு."

"எடைன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க."

டிரிலின் முகம் ஒரு கணம் சின்னப் பெண்ணின் முகமாகிப்போனது. "இல்வாதான் போட்டா. அளக்க முடிஞ்சதை எல்லாம் அளக்கணும்னு நீதானே முதல் வகுப்புல சொன்னே. ஒவ்வொரு வாரமும் படகுத்துறையில மீன் தராசுல ஏறி நிப்பாரு. 'நான் எந்த வகை மீன்னு எழுதுவே'ன்னு அவளைக் கேப்பாரு."

"அவர நாலு டிகிரி தண்ணியில குதிக்க வெச்சிருக்கீங்க."

"நாங்க வெக்கல. பொம்மையை எடுத்துட்டுப் போன முதல் நாளே, 'இது கையக் காலை உதைக்குமா, இதை வெச்சு என்னடி தெரியும்'னு சொல்லிட்டு குளிர் தாங்கற உடுப்பை மாட்டிக்கிட்டாரு. குதிச்சாரு. சைரன் அலறிச்சு, எஞ்சின் நின்னுச்சு. அம்மா, அவர் தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே சிரிச்சாரு. ஒரு வருஷமா நான் பாக்காத சிரிப்பு. அதுக்கப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?"

குன்வோர் கேட்க வந்தது அதுவல்ல. கேட்க வந்ததைக் கேட்கும்போது அவளுக்கே தன் குரல் அன்னியமாக இருந்தது. "அந்தப் பதினோராவது சோதனை?"

டிரில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் எப்பக் குதிப்பாருன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் முறை. நானும் இல்வாவும் சுக்கான் அறையில முன்பக்கம் பாத்து உக்காந்திருப்போம். சைரன் கேட்டாத்தான் திரும்பணும். அன்னிக்குக் கேக்கவே இல்ல. ஏதோ பாட்டு ஓடிட்டிருந்துச்சு, நான் காபி குடிச்சுக்கிட்டிருந்தேன்." அவள் நிறுத்தினாள். "காபி குடிச்சுக்கிட்டிருந்தேன்மா. இல்வாதான் எதுக்கோ திரும்பினா. பின்னாடி யாருமே இல்ல."

"பட்டையில என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல."

"காரணம் தெரியலன்னு எழுதியிருக்கே."

"மறுநாள் பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. அணைச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

"கை பட்டு தவறுதலா..."

"ரெண்டு விரலால அஞ்சு செகண்டு அழுத்தணும். தவறுதலா அணையவே கூடாதுன்னு நான்தான் அப்படிச் செஞ்சேன்."

தண்ணீரில் கூரை விளக்கின் பிம்பம் கோடாக நின்றது. குன்வோர் மகளைப் பார்த்தாள். இருபது வயது. நான்கு வாரமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், உப்பை எடும்மா என்று கேட்டிருக்கிறாள்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்தப் பொத்தான்மேல பிசின் ஊத்தி மூடிட்டேன். இனிமே அதை யாராலயும் அணைக்க முடியாது," என்றாள் டிரில். "நீர்க்கசிவைத் தடுக்க மூடினதா அறிக்கையில எழுதினேன். ஹால்வார்ட் அதைப் படிச்சிட்டு, நல்ல பொறியாளரோட முடிவுன்னு பாராட்டினாரு."

"ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ படகை வித்துடுவே. படகும் போயிட்டா அவர் சனிக்கிழமைகூட எழுந்திருக்க மாட்டாருன்னு தோணிச்சு."

குன்வோர் மகளைக் கட்டிக்கொண்டாள். டிரில் விறைத்துக்கொண்டு நின்றாள், பிறகு தலையை அம்மாவின் தோளில் வைத்தாள். அழவில்லை. அழ நேரமில்லாதவளைப்போல அவசரமாகப் பேசினாள்.

"எத்தனை போட்டிருக்காரு?"

"ஆறு."

"குறைக்கச் சொல்லும்மா. ஆறு வந்துட்டா ஜூன்ல இருந்து பழைய மாதிரி தனியாவே கடலுக்குப் போவேன்னு சொல்லியிருக்காரு. பட்டைதான் இருக்கேன்னு. அதைக் காட்டியே நம்மளை வாயடைச்சிடுவாரு."

"நான் சொல்லக் கூடாது. சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும்."

"பதினொண்ணுக்குக் காரணத்தை எழுதணுமா? எல்லாரும் படிப்பாங்களே."

ஒன்பது வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம் குன்வோரின் வாய் வரை வந்தது. தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு எழுதறதுதான் தப்பு. அதை அவளால் சொல்ல முடியவில்லை.

"உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது எதுவோ, அதை மட்டும் வெச்சுக்கோ," என்றாள். "மத்ததை எடுத்துடு."

*

கூடத்துக்குள் நுழையும்போதே ஸ்வெர்ரேயின் குரல் கேட்டது. பத்தொன்பதாம் மேசைக்கு முன்னால், காகிதத் தட்டில் வாஃபிளோடு, முன்பின் தெரியாத ஒரு தம்பதிக்கு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். இல்வா அவருக்குப் பின்னால் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். குன்வோரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

டிரில் நேராக ஹால்வார்டிடம் போனாள்.

"அந்தப் பதினாலு சோதனையையும் எடுத்துடுங்க. எங்களுக்கு மூணு போதும்."

"என்னம்மா பேசறே? இத்தனை வருஷத்துல கூட்டிப் போடச் சொல்லித்தான் பிள்ளைங்க கெஞ்சிக் கேட்டிருக்கு."

"மேசைமேல வேலை செய்யுது. அதுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும். மத்தது எதையும் எங்களால நிரூபிக்க முடியாது."

"மூணா?" என்றார் ஸ்வெர்ரே.

தட்டை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்படி மூணு? நான் இதைக் கட்டிக்கிட்டு கடல்ல குதிச்சேன். சைரன் அடிச்சுச்சு. படகு நின்னுச்சு. ஒரு தடவை இல்ல, பதினோரு தடவை. என் மகனுக்கு இது இருந்திருந்தா..." மணிக்கட்டை ஹால்வார்டின் முன்னால் நீட்டினார். "மேசைமேலயா? அவன் மேசைமேலயா செத்தான்?"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. வந்த தம்பதி மெல்ல நகர்ந்தார்கள்.

ஹால்வார்ட் கையிலிருந்த தாளையும் ஸ்வெர்ரேயின் தொளதொளத்த காலரையும் மாறி மாறிப் பார்த்தார். இளைக்கிற பொம்மை எது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஆளை வெச்சு சோதனை பண்ணினீங்களா? யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

இல்வா மெதுவாக, "யார்கிட்டயும் இல்ல," என்றாள்.

"குன்வோர், இதை நான் பாக்காத மாதிரி விட முடியாது."

"விடாதே," என்றாள் குன்வோர். "விடச் சொல்லி நான் கேக்கவும் மாட்டேன்."

மூன்றரை மணிக்கு விசாரணைக் குழு கூடும் என்று ஹால்வார்ட் சொன்னார். இரண்டு பெண்களும் வர வேண்டும். சொல்லிவிட்டு டிரிலின் தோளில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போனார்.

*

கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் கடல்நீர் ஊருக்குள் நுழையும் வழி முழுக்கத் தெரியும். வெயில் நன்றாக அடித்தது. ஸ்வெர்ரே காரின் மேல் சாய்ந்து நின்றார்.

"என்னை எல்லார் முன்னாலயும் பொய்யன் ஆக்கிட்டா," என்றார்.

"பட்டையை நீயேதான் அணைச்சே." குன்வோர் கேள்வியாகக் கேட்கவில்லை.

அவர் திரும்பவில்லை. கை மட்டும் தானாகப் பட்டையின் மேல் போனது. பிசின் மேட்டைக் கட்டைவிரல் தடவியது.

"டிரிலுக்குத் தெரியுமா?"

"நாலு வாரமா."

அவர் உடம்பு காரின் மேலிருந்து கொஞ்சம் சரிந்தது. "ஒண்ணும் சொல்லலியே. அடுத்த சனிக்கிழமையும் வந்தா. அவளே என் கையில இதைக் கட்டிவிட்டாளே. இறுக்கமா இருக்கா அப்பான்னு கேட்டாளே."

குன்வோர் காத்திருந்தாள். இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவரைப் பேசவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"எவ்வளவு நேரம்னு பாக்கணும்னு தோணிச்சு," என்றார் கடைசியில். "படகு தன்னை விட்டுட்டுப் போறதை அவன் பாத்திருப்பான் இல்ல. அது எவ்வளவு நேரம் கண்ணுக்குத் தெரியும்னு பாத்தேன். ரொம்ப நேரம் தெரியுது குன்வோர். நான் நினைச்சதைவிட ரொம்ப நேரம். எஞ்சின் சத்தம் கேக்காமப் போன அப்புறமும் படகு தெரியுது."

பதினைந்து மாதமாக அவள் ஒரு தடவைகூட எஸ்கிலின் கண்களுக்குள் இருந்து அந்தக் கடலைப் பார்க்கத் துணிந்ததில்லை. இந்த மனுஷன் அங்கேயே போய் மிதந்துவிட்டு வந்திருக்கிறார்.

"அப்புறம்?"

"அப்புறம் படகு திரும்பிச்சு. அவனுக்குத் திரும்பல."

"திரும்பணும்னு நினைச்சியா ஸ்வெர்ரே?"

அவர் மறுபடி பிசின் மேட்டைத் தடவத் தொடங்கினார். குன்வோர் கைப்பையிலிருந்து போனை எடுத்து டாக்டரின் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். என்ன விஷயம் என்று அந்தப் பெண் கேட்டபோது, அவர் காதில் விழும்படியே சொன்னாள். மறைக்கவில்லை.

"மூணரைக்கு வாங்க," என்றது போன்.

அவள் கல்லூரிக் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றரை. அங்கே மகள், இங்கே இவர்.

டிரில் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "டாக்டர் மூணரைக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் குன்வோர்.

"நீ அப்பாகூடப் போ," என்றாள். "நான் தனியாப் போய்க்கறேன். இல்வா இருக்கா."

"நானும் வர்றேன். தண்ணியில குதிச்சது நான். நான்தானே சொல்லணும்," என்றார் ஸ்வெர்ரே.

"நீ சொல்ல வேண்டியது அங்க இல்லப்பா," என்றாள் டிரில். அவரது இடது கையைப் பிடித்து, பட்டையின் கொக்கியைக் கழற்றி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டில் அது இருந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. "இது இன்னும் சரியா வரல. சரியா வந்ததும் தர்றேன்."

அவர் குழந்தையைப்போலக் கையை நீட்டியபடியே நின்றார்.

*

வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு வந்திருப்பவர் இளம் பெண் என்று வரவேற்பில் சொன்னார்கள். இவர்களை அவருக்குத் தெரியாது என்பதால் ஒரு படிவத்தைப் பேனாவோடு கொடுத்தார்கள்.

ஸ்வெர்ரே முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினார். பெயர். வயது, ஐம்பத்துநான்கு. தொழில், மீனவர். வீட்டில் உடன் இருப்பவர், மனைவி, மகள்.

பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் பேனா நின்றது.

குன்வோர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். பார்க்காமலிருக்க முடியவில்லை. அவர் இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி, சரிதானே என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"ரெண்டுதான்," என்றாள் குன்வோர்.

அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளும் எழுந்தாள்.

"நான் மட்டும் போறேன்," என்றார். சில அடி போய் நின்று, "நீ எங்கயும் போயிடாதே," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

நாலேகால் மணிக்குப் போன் அதிர்ந்தது. டிரிலிடமிருந்து செய்தி.

'அம்மா, முடிஞ்சுது. சோதனை எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. எங்களை இன்னும் ஒண்ணும் பண்ணல, முடிவை அப்புறம் சொல்வாங்களாம். ஆனா இல்வா அங்க ஒண்ணு சொன்னா. அன்னிக்குக் கொக்கிக் கம்பால இழுத்துப் போட்டப்போ அப்பா அவ காதுல ஏதோ சொன்னாராம். டிரிலுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாராம். என்னன்னு குழுகிட்டயும் சொல்ல மாட்டேன்னுட்டா. உன்கிட்ட மட்டும்தான் சொல்வாளாம். அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் அப்பாவை ஒண்ணும் கேக்காதே.'

குன்வோர் இரண்டு முறை படித்தாள். காரருகே அவள் கேட்ட கேள்விக்கான பதில் நான்கு வாரமாக இல்வாவிடம் இருந்திருக்கிறது. எழுந்து கதவருகே போனாள்.

உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். முதலில் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. படகு ஆளில்லாமல் கிடைத்த அன்றும் சரி, ஒன்பதாம் நாளும் சரி, அடக்கத்தின்போதும் சரி, ஸ்வெர்ரேயின் குரல் அழுது அவள் கேட்டதே இல்லை.